இடையனுக்கு ஒரு பொன்னாடை

என் மனைவிக்கு நான் பாடவிருந்த ஒப்பெறா என்கிற பிரெஞ்சு இசை நாடகத்தில் பிடிபடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். இடையனுக்கும் இடைச்சிக்கும் காதல் வருவது அவளுக்கு விளங்கியது. நடுவில் ஒருவன் பொறாமைப்பட்டுக் குழப்புவது நன்றாகவே விளங்கியது. கடைசியில் தேவன் ஒருவன் மேலேயிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் சரிக்கட்டுவதும் நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய சங்கதிதான். ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இடையர்கள் எல்லாரும் மரத்தடியில் நின்று பெருமூச்சு விடுகிறார்களே, அவ்வளவு நேரமும் அந்த ஆடுகள் எங்கே?

"ஆட்டை ஆர் பாக்கிறது?" என்று அவள் கேட்டபோது நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடிப் பழகிக்கொண்டிருந்தேன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதை எழுதிய பிரெஞ்சுக்காரரோ, இதைக் கேட்டு உருகிய பிரபுக்களோ ஆட்டைப் பற்றிக் கவலைப்பட்டதற்கு ஒரு சான்றும் இல்லை. எங்கள் பாட்டுக்குழுவை நடத்தும் பிரெஞ்சு அம்மாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, இது நல்ல கேள்வி என்றார். பிரெஞ்சுக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் இடையனானது மட்டன் ரோல்ஸால். என் மனைவியின் தமையனுக்கு எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. எனக்கு அவர் அத்தான் முறை. நான் வேறு பகுதியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். காய்கறிச் சலாது, குளிர்ந்த மீன், கடைசியில் வரும் இனிப்பு எல்லாம் என் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அத்தானைப் பொறுத்தவரை அது நான் அவர் கடைக்கு ஓடித்திரியவேண்டிய நாள். அப்படி ஒரு செவ்வாய், தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் மண்டபத்துக்கு ரோல்ஸும் வடையும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அங்கே ஏதோ பாட்டுக்குழுவின் ஒன்றுகூடல்.

இரண்டு கைகளிலும் தட்டுகளை ஏந்திக்கொண்டு உள்ளே போய், "சூடாயிருக்கிறது, எங்கே வைக்கட்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். கண்ணாடியைத் தலைமயிரில் ஏற்றிவிட்டிருந்த ஒரு மெலிந்த அம்மா பாய்ந்து வந்து, இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார். என் பிரெஞ்சில் பிழை பிடிக்கப்போகிறார் என்று நினைத்து, இலக்கணத்தைச் சரிபார்த்துத் திரும்பச் சொன்னேன். அவர் தட்டுகளை வாங்கி யாரிடமோ கொடுத்துவிட்டு என்னைப் பியானோவுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனார். இந்த நாட்டில் பொழுதுபோக்காகப் பாடுகிற குழுக்களில் பெண்கள் நிறைய இருப்பார்கள், ஆண்கள் குறைவு, என்னைப்போல் அடிக்குரல் உள்ள ஆண் கிடைப்பது அபூர்வம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. கடைக்குப் பலாப்பழம் வந்த அன்று எங்கள் பெண்கள் பார்க்கிற பார்வையால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்களுடைய இசைக் குறிகளை வாசிக்கத் தெரியாது. என் பக்கத்தில் நிற்பவர் ஓய்வுபெற்ற மெட்ரோ ஓட்டுநர். அவர் வாயிலிருந்து சுரம் வெளியே வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். தொடையில் தாளம் போடக் கூடாது என்று முதல் வாரமே கட்டளை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பாடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, அதனால் சப்பாத்துக்குள் கால்விரலால் தாளம் போடப் பழகினேன்.

எனக்கு அது பிடித்துப்போனது. கிழமை முழுக்க யாராவது என்னைப் பார்த்து, எங்கே அந்தத் தட்டு, இன்னும் வரவில்லையா என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அந்த மண்டபத்தில் என்னை அவசரப்படுத்த ஒருவருமில்லை. எல்லாரும் ஒன்றாக மூச்செடுத்து, ஒன்றாகத் தொடங்கி, குரல்கள் ஒன்றில் ஒன்று போய்ச் சேருகிற நேரம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சந்தோஷம் என்றால் அதுதான்.

பிரச்சினை அத்தானிடமிருந்து வந்தது. அவர் கோயில் நிருவாகத்தில் இருக்கிறார். செவ்வாய்தோறும், எங்கள் பாட்டுப் பயிற்சி நடக்கிற அதே நேரம், கோயிலில் பசனை. அதை முன்னின்று பாடியவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு அத்தான் என்னைத் தெரிவுசெய்து, நிருவாகத்திடமும் சொல்லிவிட்டார். கடைசியாகத்தான் என்னிடம் சொன்னார். நான் தயங்கியதும், குரல் இல்லாதவன் பாடாமல் இருக்கலாம், குரலை வைத்துக்கொண்டு சாமிக்குக் கொடுக்காமல் ஆட்டுக்காரனுக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கடையில் நின்ற சனமெல்லாம் தலையாட்டியது.

என் மனைவி தமையன் சொல்லைத் தட்டியதில்லை. அண்ணை சொன்னால் சரி என்று வளர்ந்தவள். அதே நேரம், செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வருகிறபோது என் முகத்தைப் பார்ப்பவளும் அவள்தான். இரண்டு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே தீர்ப்புக்கு நாள் குறித்தாள். "நான் வந்து பாக்கிறன். பாத்திட்டுச் சொல்லுறன்." ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் குழுவின் கச்சேரி முடிந்ததும் அவள் கோயில் என்று சொன்னால் நான் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது.

நாங்கள் செய்யப்போவது ஒப்பெறாதான், ஆனால் நடிக்கமாட்டோம், வேஷம் இல்லை, காட்சி இல்லை, எல்லாரும் கறுப்பு உடுப்பில் வரிசையாக நின்று பாடமட்டும் செய்வோம் என்பதை அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஆடும் வராது" என்றாள். வராது என்றேன். கறுப்பு என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது. எங்கள் ஆட்கள் செத்த வீட்டுக்குக்கூட வெள்ளையில் போகிறவர்கள். முதல்முதல் மேடை ஏறுகிற மனுசன் கறுப்புச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாகப் படி இறங்குவதா என்று சொல்லி, என் சேட்டுப் பைக்குள் மங்கலத்துக்கென்று ஒரு சின்ன மஞ்சள் துணித் துண்டைப் போட்டுவிட்டாள்.

அத்தானுக்கு வேறு வருத்தம். எட்டு மாதம் படித்த பிறகும் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடப்போகிறோம் என்று கேள்விப்பட்டு, பாடமாக்காத பாட்டைச் சபையில் பாடலாமோ என்று முகம் சுளித்தார். ஆனாலும் தங்கச்சி புருஷன் என்ற கடமையை அவர் விடவில்லை. குழு அச்சடித்த அறிவித்தலைக் கடைக் கண்ணாடியில், கலியாண மண்டப விளம்பரத்துக்கும் கோழிக் கொத்து விலைக்கும் நடுவில் ஒட்டி, 'எங்கட மாப்பிளை பாடுகிறார், வாருங்கள்' என்று தடித்த பேனையால் தமிழில் எழுதினார். பொன்னாடையும் மாலையும் தன் பொறுப்பு என்றார். அத்தான், அப்படி ஒரு வழக்கம் அங்கே இல்லை, தயவுசெய்து வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லாத கலைஞரை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை. எங்கள் விழாக்களில் எல்லாரும் வேண்டாம் என்பார்கள், எல்லாரும் கழுத்தை நீட்டுவார்கள்.

நேரம்தான் என் பெரிய பயம். எங்கள் விழாவுக்கு நாலு மணி என்று அடித்தால், நாலு மணிக்குத்தான் வீட்டில் சீலைக்கு மடிப்புப் பிடிக்கத் தொடங்குவார்கள். பிரெஞ்சுக்காரர் நாலு மணி என்றால் நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே நான் தந்திரமாக எல்லாருக்கும் மூன்று மணி என்று சொல்லிவைத்தேன். ஆனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் நாலு என்று போட்டிருந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் குழப்பம் வந்ததும் அத்தான் தன் அனுபவத்தைப் பயன்படுத்தி, அப்படியானால் ஐந்துக்குத்தான் தொடங்குவார்கள் என்று சனத்துக்கு அறிவித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிறைந்திருந்தது. முன்னால் வாத்தியக்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில், சம்பளத்துக்கு வந்த பெரிய பாடகர்களுக்கு நாலு கதிரைகள். அவர்களுக்குப் பின்னால், படிபோல் அடுக்கிய பலகைகளில் நாங்கள், ஊர் இடையர்கள். பாடகர்களின் நாலு கதிரைகளில் ஒன்று வெறுமையாக இருந்தது. தேவனாகப் பாடுகிறவர் மட்டும் மேலே ஓர்கன் வாத்தியம் இருக்கும் மாடத்தில் ஒளிந்திருந்து, கடைசி அங்கத்தில் உயரத்திலிருந்து பாடவேண்டும். வேஷமும் காட்சியும் இல்லாத எங்கள் ஒப்பெறாவில் அந்த ஒரு விசேஷத்தைத்தான் எங்கள் அம்மா வைத்திருந்தார்.

வாசலுக்குக் கிட்ட எங்கள் ஆட்களுக்காக நான் பிடித்து வைத்திருந்த இரண்டு வரிசையில் ஒரு குருவியும் இல்லை. அம்மா கையை உயர்த்தினார். வயலின்கள் தொடங்கின. தீர்ப்புச் சொல்லவேண்டியவள் வராமலே வழக்கு நடக்கப்போகிறது. வராதவள் தமையன் சொன்னதைத்தானே சொல்லுவாள்?

கதவு சாத்துகிற நேரம் நீலக் காஞ்சிபுரம் ஒன்று உள்ளே நுழைந்தது. தனியாக. அத்தானின் வான் வண்டி, மாலை வாங்க நின்ற இடத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து வருகிற சனத்தையும் ஏற்றவேண்டுமாம். என் மனைவி வானை விட்டு இறங்கி, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. அப்போது நான் கண்டது, வெறும் வரிசையின் நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடுகிறவளை மட்டும்தான். கண்டுபிடித்ததும் என் சேட்டுப் பையைப் பார்த்தாள். மஞ்சள் துண்டின் நுனி வெளியே தெரிந்தது. மெட்ரோக்காரர் சுரத்தைப் பிடித்தார், நான் தவறவிட்டேன்.

முதல் அங்கம் முடிந்த இடைவெளியில் கதவு திறந்தது. அத்தான் முன்னால் வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் மாலைப் பை, மறு தோளில் சரிகைக் கரை மின்னும் பொன்னாடை. அவருக்குப் பின்னால் லா சப்பலின் பாதி. இன்னும் தொடங்கவில்லைப்போல என்று யாரோ சொன்னது கூரைவரை கேட்டது. எல்லாரும் கறுப்பில் நிற்பதைக் கண்டதும் இரண்டு கிழவிகள் நாடியில் கைவைத்தார்கள். அத்தான் புத்தகங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இரண்டாம் அங்கம் வந்தது, மூன்றாம் அங்கம் வந்தது. மூன்றாம் அங்கத்தின் நடுவில் எனக்கு ஒரு தனிப் பாட்டு உண்டு. பெரிய பாட்டு ஒன்றுமில்லை. புயல் ஓய்ந்த பிறகு ஒரு வயதான இடையன், நிழலில் இருப்போம், காதலர்கள் திரும்பி வருவார்கள் என்று நாலு வரி பாடுவான். பிறகு வயலின்கள் கொஞ்ச நேரம் தனியே வாசிக்கும். அதன் பிறகு அதே நாலு வரியை, இன்னும் மெதுவாக, கொஞ்சம் அழகு சேர்த்து, இரண்டாம் தடவை பாடவேண்டும். அந்த இரண்டாம் தடவையில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது என்று அம்மா சொல்லிச் சொல்லி, அது என்னைக் குளியலறைவரை துரத்தியிருந்தது.

முதல் தடவை நன்றாகவே போனது. வாயை மூடினேனோ இல்லையோ, பின் வரிசைகளில் கைதட்டல் வெடித்தது. எங்கள் ஆட்கள். பிரெஞ்சுத் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. வயலின்கள் நிறுத்தாமல் வாசித்தன. நடுப்பாதையில் அத்தான் நடந்து வருவதை அப்போதுதான் கண்டேன். பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். மாலை முழங்கையில் தொங்கியது. அவர் அவசரப்படவில்லை. விழாக்களில் எத்தனையோ பேருக்குப் போர்த்திய நடை அது. நான் கண்ணால் கெஞ்சினேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நீலச் சீலை வேகமாக வந்தது. வாத்தியக்காரரின் அருகில் வைத்து அவள் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். தமையனை அவள் அப்படி மறித்ததை நான் அன்றுவரை கண்டதில்லை. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் நான் நின்ற இடத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இருங்கோ அண்ணை. அவர் இன்னும் பாடி முடிக்கேல்லை."

அத்தான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் அவரை அப்படியே திருப்பி, பக்கத்தில் வெறுமையாயிருந்த கதிரையில் இருத்திவிட்டு, தான் ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவர் இருந்தது தேவனின் கதிரை. வயலின்கள் முடிந்தன. அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். மெட்ரோக்காரர் எனக்கு உதவ முடியாத இடம் அது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, தூணோரம் நின்றவளைப் பார்த்து இரண்டாம் தடவை பாடினேன். எட்டு மாதமாகக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவள் அவள். எந்த வரி எத்தனை தரம் வரும் என்று எங்கள் அம்மாவுக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும். முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. எங்கள் ஆட்கள்கூட. தேவாலயம் அப்படியே அமைதியாக இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணைத் துடைக்க நேரமில்லை. அடுத்தது தேவன் வருகிற இடம். மேளம் அதிர்ந்தது. மாடத்திலிருந்து பெரிய குரல் ஒன்று இறங்கியது. சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. மேலே இருட்டில் ஒருவரையும் காணவில்லை. பார்வை கீழே இறங்கியபோது, பாடகர்களின் நடுவில் பட்டு வேட்டியும் விபூதியும் மடியில் சரிகையும் கையில் மாலையுமாக ஒருவர் நிமிர்ந்து வீற்றிருந்தார். ஓ என்று ஒரு முணுமுணுப்பு வரிசை வரிசையாக ஓடியது. சபைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த இடத்தில் இடையர்கள் எல்லாரும் தேவனுக்குத் தலை வணங்கவேண்டும் என்று அம்மா எங்களைப் பழக்கியிருந்தார். பழக்கிய பழக்கம் நிற்குமா? வணங்கினோம். அறுபது பேர் தன்னை நோக்கிக் குனிவதை அத்தான் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து நின்று, நல்ல பண்புள்ள மனிதர் செய்வதைப்போல், எங்கள் எல்லாருக்கும் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். மேலேயிருந்த குரல் அந்த நேரம் பார்த்து ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தது. மெட்ரோக்காரரின் தோள்கள் குலுங்கின. நான் கால்விரலை அழுத்தி அழுத்தித் தாளத்தைக் காப்பாற்றினேன்.

உண்மையான தேவன் கடைசிப் பாட்டுக்குக் கீழே இறங்கி வந்து, தன் கதிரையில் ஆள் இருப்பதைக் கண்டு, முடியுமட்டும் நின்றுகொண்டே பாடினார். கைதட்டலின்போது அம்மா அத்தானின் கையையும் பிடித்து முன்னால் இழுத்துக் குனியவைத்தார். மாலை என் கழுத்துக்கு வந்தது. பொன்னாடை எனக்கு வரவில்லை. எல்லாரையும் ஆட்டுவித்தது இந்த மெலிந்த மனுசிதான் என்று இருந்து பார்த்ததில் கண்டுகொண்ட அத்தான், அதை அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். வாசலில் ஒரு முதிய பிரெஞ்சுப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்து, குரல் வானத்தில், உடல் பூமியில், எவ்வளவு ஆழமான யோசனை என்று பாராட்டினார். அம்மா சரிகையைத் தடவிக்கொண்டே நன்றி சொன்னார். மறுக்கவில்லை.

வெளியே வானுக்குப் பக்கத்தில் அத்தான் நல்ல உற்சாகத்தில் இருந்தார். என் முதுகில் தட்டினார். புத்தகத்தை மூடிவிட்டுப் பாடினேனே, அது அவருக்குப் பிடித்திருந்தது. "நல்லாய்த்தான் பாடினீர். அப்ப வாற செவ்வாய் கோயிலிலை தொடங்குவம்" என்றார். கேள்வியாக இல்லை, முடிந்த காரியமாக. நல்லாய்ப் பாடினதே எனக்கு வினையாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள்.

பேசுகிற உரிமை எனக்கு இல்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, பூ நசியாமல் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பையைக் கட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"செவ்வாயிலை அவர் இஞ்சை, அண்ணை. பசனைக்கு நான் வாறன்" என்றாள். "எனக்கும் பாட வரும்."

அத்தானுக்கு அது செய்தி. எனக்கும்தான். அவர் வான் சாவியைத் தேடத் தொடங்கினார், அது அவர் கையில்தான் இருந்தது. அவள் என் சேட்டுப் பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"நீங்கள் மரத்தடியிலை நிண்டு பெருமூச்சு விடுங்கோ" என்றாள். "ஆட்டை நான் பாக்கிறன்."